எடை பார்க்காத படகுக்குப் பெரிய எஞ்சின் எதற்கு?

போன மாதம் பழைய ஸ்பீட் போட் பற்றி ரெண்டு வரி எழுதினேன். அதற்கே பேராக் ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த வாரம் படகு மட்டும்தான். வாஷிங் மெஷின் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

"17 அடி ஃபைபர் போட், 25 வயது இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்பு வாங்கினேன். 40 குதிரைசக்தி எஞ்சின். அப்போது மணிக்கு 45 கிலோமீட்டர் ஓடியது, இப்போது எவ்வளவு முறுக்கினாலும் 40தான். எஞ்சின் நல்லாத்தான் இருக்கிறதாம், 60 போட்டால் பறக்கும் என்கிறார் வெர்க் ஷாப்காரர். போடலாமா?" (வாசகர், ஊத்தான் மெலிந்தாங்)

அண்ணே, முதலில் படகை எடை போடுங்கள். உங்கள் ஊரில் செம்பனைப் பழம் வாங்குகிற இடத்தில் லோரி ஏறுகிற எடைப்பாலம் இருக்கும். படகோடு டிரெய்லரை ஒரு தடவை ஏற்றுங்கள், படகை ஆற்றில் இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரை ஒரு தடவை ஏற்றுங்கள். கழித்தால் படகின் எடை. ஒரு டீக்குக் காசு கொடுத்தால் போட்டுத் தருவார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், தண்ணீர் மேல் எழும்பி ஓடுகிற படகுக்கு வேகம் குதிரைசக்திக்கு நேராக ஏறாது, சக்தியை எடையால் வகுத்து அதன் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவுதான் ஏறும். இது தோராயக் கணக்குதான், ஆனால் வெர்க் ஷாப்காரரின் வாய்க்கணக்கை விட நல்ல கணக்கு. 40 இருந்த இடத்தில் 60 வைத்தால் சக்தி ஒன்றரை மடங்கு, வேகம் 22 சதவீதம். உங்கள் 40 கிலோமீட்டர் 49 ஆகும், அதுவும் எடை கூடாமல் இருந்தால். பழைய டூ ஸ்ட்ரோக் 40ஐ இறக்கிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் 60 ஏற்றினால் எடை கூடாமல் எப்படி இருக்கும்? கூடுகிற எடை முழுக்க எஞ்சின் மாட்டுகிற பின்பலகையில்தான் தொங்கும்.

அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எஞ்சின் நிஜமாகவே பழைய பலத்தோடு இருந்தும் 45 குறைந்து 40 ஆனது என்றால் எடை கால்வாசிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஆளோடும் எண்ணெயோடும் 700 கிலோ இருந்த படகு என்றால் கிட்டத்தட்ட 185 கிலோ. நீங்கள் யாரையும் கூடுதலாக ஏற்றவில்லை. அப்படியானால் மூன்று பேர் எடைக்குத் தண்ணீர் தளத்துக்கு அடியில் உட்கார்ந்து உங்களோடு ஊர் சுற்றுகிறது. படகு முழுகாமலிருக்க உள்ளே அடைத்திருக்கிற ஃபோம் புதிதில் தண்ணீர் குடிக்காது, வருஷக்கணக்கில் ஊறினால் குடிக்கும், குடித்ததைத் திருப்பித் தராது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2009ல் நானே ஒன்று வாங்கினேன், 16 அடி, பளபளவென்று நீலச் சாயம், சாயத்தின் வாசனைகூடப் போகவில்லை. விற்றவர் இனிக்க இனிக்கப் பேசினார். வீட்டில் இறக்க நான்கு பேர் போதும் என்றார், ஏழு பேர் பிடித்தும் அசையவில்லை, அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. மறுவாரம் பின்பலகையின் அடியில், உள்தளத்தின் மட்டத்துக்குக் கீழே, பத்து மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டோம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் வரக்காப்பி நிறத்தில் ஒரு சொட்டு. அப்புறம் நூல் மாதிரி ஒழுக ஆரம்பித்தது, இரவு முழுக்க நிற்கவில்லை. விடியும்போது 18 லிட்டர் சாய வாளி மூன்று நிறைந்திருந்தது, மக்கிப்போன பலகையின் நாற்றம் அடுத்த வீடு வரை போனது. அதுவும் தானாக வடிந்தது மட்டும்தான், ஃபோமுக்குள் பிடித்திருந்தது தனி.

ஆக, எடை போடுங்கள். கனம் என்று தெரிந்தால் உள்தளத்தை அறுத்து ஊறிய ஃபோமை அள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்காத புது ஃபோம் வையுங்கள். வெற்றாக விட்டுவிடாதீர்கள், படகு நிறையத் தண்ணீர் ஏறினாலும் முழுகாமல் தாங்குவது அதுதான். குறுக்குச் சட்டங்களையும் அதே சமயம் தட்டிப் பாருங்கள். அதற்கு அப்புறமும் 60 வேண்டும் என்றால் பின்பலகை தாங்குமா, படகில் ஒட்டியிருக்கிற தகட்டில் அதிகபட்சம் எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், பேசலாம்.

"அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டினால் காற்று நுழைந்து வேகம் கூடும் என்று வீடியோவில் பார்த்தேன். என் பழைய போட்டில் வெட்டலாமா?" (தெலுக் இந்தான்)

வேண்டாம்.

"விலை மலிவு என்று 18 அடி போட் ஒன்றைப் பார்த்த அன்றே வாங்கிவிட்டேன். வேகம் எடுத்தால் மூக்கைத் தண்ணீரில் குத்துகிறது, ஸ்டியரிங் கனக்கிறது. ஆனால் ஸ்பீக்கர், சீட் எல்லாம் புதுசு." (பாகான் டத்தோ)

ஸ்பீக்கர் புதுசா, சந்தோஷம். எனக்குப் பல வருஷமாக இருக்கிற வயிற்றெரிச்சல் இது, சொல்லித் தீர்த்துவிடுகிறேன். படகு வாங்கப் போகிறவன் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறான், ஹாரனை அடித்துப் பார்க்கிறான், டம்ளர் வைக்கிற ஓட்டையில் விரலை விட்டுப் பார்க்கிறான். ஒருத்தனாவது டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்க்கிறானா? வேகத்தில் ஓடும்போது தண்ணீரைத் தொடுவது அடிப்பாகத்தின் கடைசி நாலைந்து அடிதான். அந்த நாலைந்து அடி நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். உள்ளே குழிந்திருந்தால் பின்விளிம்பு கீழே இறங்கி நிற்கும், அது பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அமுக்கும், அப்போது படகு தேவைக்கு மேல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே ஓடும். வெளியே புடைத்திருந்தால் நேர் எதிர், மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடும். உங்களுடையது குழிவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டிரெய்லரின் தாங்குகட்டை பின்பலகை வரை எட்டாமல் பாதியிலேயே நின்றிருக்கும், எஞ்சினின் கனத்தில் பின்பக்கம் வருஷக்கணக்கில் தொங்கியிருக்கும்.

ஆறடி அலுமினியச் சட்டம் ஒன்றை நீளவாக்கில் அடியில் ஒட்டிப் பிடித்து, அந்தப் பக்கம் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரிகிற இடம் பள்ளம். 50 சென் காசு நுழைந்தாலே வேகத்தில் தெரியும். எப்போக்சி மாவால் நிரப்பி நீளப் பலகையில் மணல்தாள் சுற்றித் தேய்த்து நேராக்கலாம். பின்விளிம்பை உருட்டிவிடாமல் கூர்மையாக விடச் சொல்லுங்கள், தண்ணீர் அங்கே சட்டென்று பிரிய வேண்டும். முதலில் டிரெய்லர் கட்டையை நீட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இதே கடிதம் எழுதுவீர்கள். சட்டம் நாற்பது ரிங்கிட் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

"அடியின் V வடிவத்தைத் தட்டையாக்கினால் வேகம் வரும் என்கிறார்களே?" (சித்தியவான்)

அசையாத தண்ணீரில் வரும். முகத்துவாரம் தாண்டி மலாக்கா நீரிணையில் அலை அடித்தால் முதுகெலும்பு கழன்று வரும். 1960ல் மியாமி–நசாவ் போட்டியில் ரே ஹன்ட் வரைந்த ஆழ V படகு மோப்பி கொந்தளிப்பில் முந்திப் போய் ஜெயித்த பிறகுதான் உலகமே அந்த வடிவத்துக்கு மாறியது. நீங்கள் திரும்பிப் போக ஆசைப்படுகிறீர்கள்.

"ஆன்லைனில் 19 பிட்ச் ஸ்டெயின்லெஸ் கிப்பாஸ் (புரொப்பெல்லர்) வாங்கி மாட்டினேன். முன்பு இருந்தது 13. வேகம் குறைந்துவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?" (நிபோங் திபால்)

கடைக்காரன் 19 என்று சொல்லி 19தான் அனுப்பியிருக்கிறான். ஏமாற்றியது நீங்கள், ஏமாந்ததும் நீங்கள். பிட்ச் என்றால் கிப்பாஸ் ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம், அது ஒரு அங்குலம் கூடினால் எஞ்சின் நிமிஷத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை இழக்கும். ஆறு அங்குலம் ஏற்றினால் ஆயிரம் சுற்று போச்சு, எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. எஞ்சின் புத்தகத்தில் முழு முறுக்கலில் இத்தனை சுற்று என்று இருக்கும், அதைத் தொடுகிற கிப்பாஸ்தான் உங்கள் கிப்பாஸ். ரொம்பத் திட்டமாட்டேன், நானும் ஒரு தடவை 17 வாங்கினேன், அது என் வீட்டுப் பின்கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

காசில்லாமல் வேகம் வேண்டுமென்றால், எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி எஞ்சினை ஒரு ஓட்டை உயர்த்தி மாட்டுங்கள். கிப்பாஸுக்கு மேலே இருக்கிற தட்டு படகின் அடிமட்டத்தை விட்டு லேசாக மேலே வந்தால் இழுவை குறையும். ஒவ்வொரு ஓட்டையாகப் போங்கள். பின்னால் பீய்ச்சுகிற குளிர்நீர் மெலிந்தாலோ, வளைவில் கிப்பாஸ் காற்றில் சுற்றினாலோ ஒரு ஓட்டை இறங்கிவிடுங்கள்.

"ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி நான். மீன் பிடிக்க ஒரு சின்ன போட். எஞ்சின் மாட்டும் பின்பலகையைப் புதிதாகப் போட வெர்க் ஷாப்காரரிடம் 2,800 ரிங்கிட் முன்பணமாகக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் போல்ட் ஆடியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பழைய மக்கிய பலகை, மேலே மட்டும் ரெண்டு அடுக்கு ஃபைபர். கேட்டால், 'வயசான போட், அப்படித்தான்' என்கிறார்." (பீடோர்)

ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பலகை மாற்றுகிறேன் என்று காசு வாங்கிவிட்டுப் பலகையை மாற்றாமல் விட்டதற்கும் படகின் வயசுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் எஞ்சினைக் கழற்றி வையுங்கள், அந்தப் பலகை விட்டுவிட்டால் எஞ்சின் ஆற்றுக்குள்தான். பிரித்த இடத்தை அளவு நாடா வைத்துப் படமெடுங்கள், மக்கிய துண்டு ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள். 'இலவசமாகச் சரி பண்ணித் தருகிறேன்' என்று அதே ஆள் வந்தால் உடனே கொடுத்துவிடாதீர்கள், சாட்சி மறைந்துவிடும். வேறொரு வெர்க் ஷாப்பில் காட்டி, பலகை மாற்றப்படவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லை என்று கவலைப்படாதீர்கள், புதுப் பலகை என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதுவும், பணம் போன வங்கிப் பதிவும் உதவும். தேதி போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள்.

மசியாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், எல்லாரும் திரிபுனல் என்பார்களே அது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். மலாயில் எழுதச் சங்கடமாக இருந்தால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் ஒன்று கவனியுங்கள், இது தொழில் செய்கிறவரிடம்தான் செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தப் படகை உங்களுக்கு விற்று ஏமாற்றினால் இந்தக் கதவு திறக்காது. என் நீலப் படகுக்கும் திறந்திருக்காது.

"அடியில் மெழுகு பூசினால் வேகம் கூடுமா?" (பெயர் வேண்டாம் என்றவர்)

பளபளக்கும்.