ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டில் படிக்கப் போகிறேன். அந்த ஊர் பழக எவ்வளவு நாள் ஆகும்?

எனக்கு ஏழு வாரம் ஆனது. வகுப்பு நடப்பதே நாலு மாதம் என்பதால் அது ரொம்ப அதிகம். நான் போனது ஜெர்மனியின் டோர்ட்மண்டுக்கு, 2022 குளிர்கால செமஸ்டரில், கல்லூரியின் எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில். அந்த ஊர்க் கணக்கைத்தான் சொல்கிறேன்.

முதல் தப்பு போய் இறங்கிய நாளே. அக்டோபர் 1, சனிக்கிழமை ராத்திரி. அங்கே ஞாயிறு கடை திறக்காது. திங்கள் அக்டோபர் 3, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள், அரசு விடுமுறை. அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் பெட்டியில் இருக்கிறது, பிசைய சோறு இல்லை. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. டிக்கெட் போடும்போது விலையோடு காலண்டரையும் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் காகித வேலை. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதை இங்கிருந்தே மெயிலில் கேட்டு வைத்துவிடுங்கள். பதிந்ததும் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும், டிவி, ரேடியோ கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி. என்னிடம் டிவியே இல்லை. இருந்தாலும் கட்ட வேண்டும். ஆனால் அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே ஃப்ளாட்டில் மூன்று பேர் என்றால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

வகுப்பு அத்தனை கஷ்டமில்லை. முதல் லெக்சர் முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். நம்மூர் சட்டசபை ஞாபகம்தான் வந்தது. அங்கே அதுதான் கைதட்டல். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வகுப்புக்குப் போனாலே பரீட்சைக்குப் பெயர் சேர்ந்துவிடாது, தனியாகப் பதிய வேண்டும். மதிப்பெண்ணும் தலைகீழ், 1.0 தான் உச்சம், 5.0 ஃபெயில். நான் சந்தோஷமாக 1.7 என்று போனில் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கஷ்டம் நவம்பரில் வந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன்பிறகு ஐந்து மணிக்கே இருட்டு, டிசம்பரில் நாலரைக்கே. அந்த வருஷம் எரிவாயுத் தட்டுப்பாடு வேறு, பொதுக் கட்டடங்களில் 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று உத்தரவு. நூலகத்தில் ஜாக்கெட்டோடுதான் உட்கார்ந்திருப்பேன். மற்ற நேரமெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கு வீடியோ கால். ஏழு வாரம் ஆனதற்குக் காரணமே அந்தக் கதவுதான்.

அதைத் திறக்க வைத்தது தண்ணீர் பாட்டில். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று தெரியாமல் தினமும் ஒரு பாட்டில் வாங்கி, காலியானதைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் சமையலறைக்குப் போனால், மேசை மேல் என் பாட்டில்கள் பதினான்கு வரிசையாக நிற்கின்றன. பக்கத்து அறைப் பையன் குப்பையிலிருந்து பொறுக்கிக் கழுவி வைத்திருக்கிறான். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். பையில் போட்டு சூப்பர் மார்க்கெட் மெஷினுக்குக் கூட்டிப்போனான். ஒவ்வொன்றாக உள்ளே விட்டால், வாங்கும்போது விலையோடு கட்டிய டெபாசிட் திரும்பி வரும். பாட்டிலுக்கு 25 சென்ட், மொத்தம் 3.50 யூரோவுக்குச் சீட்டு வந்தது. அந்தக் காசில் பாஸ்தா வாங்கி இரண்டு பேரும் சமைத்தோம். அன்றைக்கு முதல் நான் சாப்பிட்டது சமையலறை மேசையில்தான். குளிரிலும் ஜன்னலைத் திறந்து காற்று மாற்றும் அவர்கள் பழக்கத்தில் மட்டும் கடைசி வரை எனக்கு உடன்பாடில்லை.

ஊர்ச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. அந்தப் பக்கம் ஈழத் தமிழர்கள் நிறைய, கறிவேப்பிலை வரை கிடைக்கும். பக்கத்து ஊர் ஹம்மில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம். நான் போன அன்று கூட்டமில்லை. ஒரு அம்மா, “தம்பி இந்தியாவோ? சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டார். அந்த இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சரி, கிளம்பும்போது செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. நகரப் பதிவை நீக்குங்கள், அந்த டிவி கட்டணத்தையும் தனியாக ரத்து செய்யுங்கள். முதலாவதைச் செய்தால் இரண்டாவதும் போய்விடும் என்று நினைத்து வந்துவிட்டேன். பிறகு என் பெயருக்கு வந்த கடிதங்களைப் பாட்டில் நண்பன்தான் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான்.