மாத்திரைதானே, ஊசி இல்லையே?

கேள்வி: எனக்கு 23 வயது. ஜிம்முக்குப் போகிறேன், அடுத்த வருடம் ஆணழகன் போட்டியில் இறங்க ஆசை. "ஊசிதான் ஆபத்து, ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றும் செய்யாது, எட்டு வாரம் போட்டுவிட்டு நிறுத்தினால் உடம்பு பழையபடி ஆகிவிடும்" என்கிறார் சீனியர் அண்ணன். வீட்டிலோ, ஒரு ஊசி போட்டாலே கிட்னி போய்விடும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: இரண்டுமே சரியில்லை, தம்பி. ஒரே ஊசியில் யாருக்கும் கிட்னி போய்விடாது. இப்படி மிரட்டப் போய்த்தான், போட்டுக்கொண்ட அண்ணன் கண்ணெதிரே கட்டுமஸ்தாக நிற்பதைப் பார்க்கிற பையன்கள், பெரியவர்கள் சொல்வது மொத்தமும் புளுகு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது எனக்கு ரொம்ப வருத்தம்.

மாத்திரை விஷயத்தில் அண்ணன் சொல்வது தலைகீழ். ஸ்டானோசோலால் போன்ற மாத்திரைகளைக் கல்லீரல் சுலபத்தில் உடைத்துவிட முடியாதபடிதான் தயாரிக்கிறார்கள். அதனால் ஊசியைவிட இவைதான் கல்லீரலை அதிகம் படுத்தும், எச்.டி.எல் என்கிற நல்ல கொழுப்பையும் மளமளவென்று இறக்கிவிடும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சன் ஜெயித்த தங்கத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்ததும் இந்த ஸ்டானோசோலால்தான்.

ஆனால் கல்லீரலைவிட எனக்குப் பயம் இதயத்தைப் பற்றித்தான், ஏனென்றால் அங்கே நடப்பது கண்ணாடியில் தெரியாது. ரத்த அழுத்தம் ஏறும், இதயத் தசை தடிக்கும், ரத்தத்தில் சிவப்பணு பெருகி ரத்தம் கெட்டியாகும். நம் ஊர் உயரத்துக்கே சிவப்பணு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்த ஸ்டீராய்டுகளுக்கு மூலமான ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனைச் சிகிச்சைக்காகக் கொடுக்கும்போதுகூட, ரத்தப் பரிசோதனையில் ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர்கள் மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஜிம்மில் யார் அதைப் பார்க்கிறார்கள்?

அப்புறம் 'ஆண்மை கூடும்' என்கிற நம்பிக்கை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், இனி நாம் எதற்கு என்று விரைகள் வேலையை நிறுத்திவிடும், சுருங்கியும் போகும். இதை வைத்து ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. 1990-இல் வெளியான அந்த ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் இழுக்கும். அந்த இடைவெளியில் சோர்வு, எதிலும் மனம் ஒட்டாமை, ஏறிய தசை இறங்குவது எல்லாம் சேர்ந்துகொள்ள, தாங்க முடியாமல் அடுத்த கோர்ஸை ஆரம்பிக்கிறவர்கள் நிறைய. எட்டு வாரக் கணக்கு உடைவது அங்கேதான். மார்பு பெண்களுக்குப் போல வளர்ந்துவிட்டால், அது மருந்தை நிறுத்தியும் போகாமல் ஆபரேஷன் வரை போகலாம்.

டாக்டர் சீட்டு இல்லாமல் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பாட்டிலில், லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் பயப்படாமல் நாளமில்லாச் சுரப்பி (ஹார்மோன்) மருத்துவரிடம் போய், என்ன, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, பரிசோதனை நடக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்துமா. டாக்டர் கொடுத்த இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து தொட மாட்டேன் என்கிறார். பனிக்காலத்தில் மேடு ஏற முடியாமல் திணறுகிறார்.
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மேலே சொன்னதற்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை, அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள். இன்ஹேலரில் இருக்கும் புடெசோனைடு போன்றவை வேறு வகை, தசையை வளர்க்காது, மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும். மைக்ரோகிராம் அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இதை விட்டுவிட்டு மூச்சு முட்டிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அங்கே கொடுக்கப் போவது இதைவிடப் பெரிய அளவு ஸ்டீராய்டுதான். காலையும் மாலையும் டாக்டர் சொன்ன அளவு இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரலாம்.