மொட்டை டயரா, செமி-ஸ்லிக்கா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் செமி-ஸ்லிக் பற்றியவை, அதாவது பட்டன் குறைவாக விட்டு, காய்ந்த தரையில் அதிகம் பிடிக்கும்படி ட்ராக்குக்காகச் செய்த டயர். அதுவும் பெரும்பாலும் நம் வடசென்னைப் பக்கமிருந்து. இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் ட்ராக் டே (சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஓட்டுகிறவர்களும், ஓட்டப்போகிறவர்களும் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சார், கைமாறிய போர்ஷே கேமன் ஒன்று வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் என் முதல் ட்ராக் டே. செமி-ஸ்லிக் போட்டுக்கொண்டே போய்விடலாமா? (தண்டையார்பேட்டை)

இப்போது வேண்டாம். முதல் மூன்று நான்கு ட்ராக் டேக்களை நல்ல ரோடு டயரிலேயே ஓட்டுங்கள். ரோடு டயர் பிடி விடுவதற்கு முன்பே கீச்சிடும், மெல்ல நழுவும். நீங்கள் செய்த தவறு காதில் விழும். செமி-ஸ்லிக் அவ்வளவு சத்தம் போடாது. வளைவுக்குள் தப்பான இடத்தில் நுழைந்தாலும் தன் பிடியால் உங்களைக் காப்பாற்றிவிடும், தவறு தெரியாமலே வேகம் ஏறும். கடைசியில் அது பிடி விடும்போது நீங்கள் சமாளிக்கப் பழகாத வேகத்தில் இருப்பீர்கள்.

டயருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அந்த எல்லை இறங்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். கைமாறிய காரில் ஆயில் எப்போது மாற்றியது என்று யாருக்குத் தெரியும்? டயரின் பிடி கூடினால் பிரேக் படும் சூடும் கூடும். பிரேக் பேட், வீல் பேரிங் எல்லாம் பார்த்த பிறகுதான் டயர்.

புது செமி-ஸ்லிக்கைப் பார்த்த அப்பா, "மொட்டை டயரை ஏண்டா காசு கொடுத்து வாங்கினே?" என்கிறார். என்ன பதில் சொல்வது? ட்ரெட்வேர் எண் (டயரின் தேய்மான எண்) எவ்வளவு பார்க்க வேண்டும்? (பெரம்பூர்)

அப்பா சொல்வதில் பாதி சரி. காய்ந்த தார்த்தரையில் பட்டன் (டயரின் மேல் உள்ள ரப்பர் கட்டிகள்) இடைவெளி குறையக் குறைய, தரையைத் தொடும் ரப்பர் கூடும். ஆனால் தேய்ந்து மொட்டையான ரோடு டயரின் ரப்பர் வெயிலிலும் வயதிலும் கெட்டிப்பட்டுப் போனது. செமி-ஸ்லிக்கின் ரப்பர் கலவையே வேறு. ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி சூட்டில் நன்றாகப் பிடிக்கும்படி செய்தது. பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். தோள் பகுதியில், அதாவது டயரின் ஓரத்தில், பெரிய பெரிய கட்டிகளாக விட்டிருப்பார்கள், வளைவில் ரப்பர் நெளியாமல் இருக்க. இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள்: நம் சட்டப்படி கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. புது செமி-ஸ்லிக்கில் அதைவிட நிறையவே உண்டு.

ட்ரெட்வேர் எண் குறைந்தால் ரப்பர் பொதுவாக மிருதுவாக இருக்கும், சீக்கிரம் தேயும். சாதாரண ரோடு டயர்களில் 300-க்கு மேல் பார்க்கலாம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2-க்கு 240, யோகோஹாமா அட்வான் ஏ052-க்கு 200, டோயோ ஆர்888ஆர்-க்கு 100. அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே போடுகிறது. ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொன்றின் 200-ஓடு தராசில் நிறுத்தக் கூடாது. ட்ராக்குக்கு ஓட்டிப் போய் அதே டயரில் வீடு திரும்புகிறவருக்கு 200-லிருந்து 240 போதும் என்பது என் கருத்து. 100 எல்லாம் காரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறவருக்கு.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஒரே செட் செமி-ஸ்லிக்கில் இரண்டையும் ஓட்டிவிடலாமா அண்ணா? (கத்திவாக்கம்)

தம்பி, அந்த ரோட்டில் வேண்டவே வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் போகிற வழியில் கிடக்கும் ஆணி, போல்ட், கம்பித்துண்டு எல்லாவற்றையும் மிருதுவான ரப்பர் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பயம் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் தேங்கும் தண்ணீர் உங்களுக்கே தெரியும். தண்ணீரை வெளியே தள்ள வழி குறைந்த டயர் அதன்மேல் மிதக்கும். மிதக்கிற டயருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

இன்னொரு செட் ரிம் வாங்கி, அதில் செமி-ஸ்லிக்கை மாட்டி வையுங்கள். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்) கார் கம்பெனி சொன்னதற்குக் குறைய வேண்டாம். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோதான். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் முன் பின் டயர்களின் சுற்றளவு விகிதம் மாறாமல் பாருங்கள். ட்ராக்குக்குப் போக, மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை ஏறினால் நசரத்பேட்டை வரை நேர் வழி, ஊருக்குள் நுழையவே வேண்டாம். சோழவரம் பக்கம் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் என் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பும். இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன், போர்க்கால ஓடுபாதையில் பந்தயம் நடந்த ஊர் அல்லவா அது!

காலையில் 34 பிஎஸ்ஐ காற்று வைத்தேன். முதல் இரண்டு சுற்று அருமை. நான்காவது சுற்றில் சோப்பு போட்டது மாதிரி வழுக்குகிறது. டயர் போய்விட்டதா? (ராயபுரம்)

டயர் நன்றாகவே இருக்கிறது, காற்றுதான் கூடிவிட்டது. காலை 28 டிகிரியில் 34 வைத்தீர்கள். ஓடி ஓடி உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரிக்குப் போனால் அதே டயரில் 42 பிஎஸ்ஐ இருக்கும். டயர் நடுவில் புடைத்துக்கொள்ளும், தரையைத் தொடும் ரப்பர் குறையும், அந்தக் கொஞ்சம் ரப்பர் இன்னும் சூடாகும். மதிய வெயிலில் தார் கொதிக்கும் நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நீங்கள் குறிவைக்க வேண்டியது சூடான பிறகு உள்ள அளவை. கம்பெனி உங்கள் டயருக்கென்று சொல்லியிருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் 32–34-இல் தொடங்கலாம். அதற்குக் காலையில் 25-லிருந்து 27 அளவில் இருக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு சுற்றை மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். ஓட்டி முடித்து உள்ளே வந்ததும், டயர் ஆறுவதற்குள், நான்கு டயரையும் தனித்தனியாக அளந்து கூடுதல் காற்றை இறக்குங்கள். வளைவுகளில் அதிகம் பாரம் வாங்கும் பக்கத்திலுள்ள டயர்களில் அழுத்தம் கூடுதலாக ஏறியிருக்கும். ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த நோட்டுதான் உங்களுக்கு வாத்தியார்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. மாலையில் டயர் ஆறியபின் அழுத்தம் 27-க்கு இறங்கியிருக்கும். காற்றைத் திரும்ப ஏற்றாமல் நெடுஞ்சாலையில் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

ஒருவர் பழைய செமி-ஸ்லிக் செட் பாதி விலைக்குத் தருகிறார். பட்டன் நிறைய இருக்கிறது. வாங்கலாமா? (மாதவரம்)

நான் ஒருமுறை அப்படி வாங்கி ஏமாந்தேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. முதல் வளைவிலேயே கார் பக்கவாட்டில் போய்விட்டது, நல்லவேளை வெளியே மண் இருந்தது. செமி-ஸ்லிக் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் கெட்டிப்படும். எத்தனை முறை சூடானது என்பதைப் பட்டனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும்: 2323 என்றால் 2023-இன் 23-ஆம் வாரம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு இந்த வகை டயர் கிடைப்பது கடினமாகிவிட்டது. அதனால் கடையில் 'புதுசு' என்று தருவதிலும் இந்த எண்ணைப் பாருங்கள். வாங்கிய டயரை மொட்டை மாடி வெயிலில் போடாமல் கறுப்புப் பையில் சுற்றி நிழலில் வையுங்கள்.

நைட்ரஜன் போட்டால் அழுத்தம் ஏறாதாமே? (வியாசர்பாடி)

ஏறும். சூட்டில் காற்றும் நைட்ரஜனும் ஒரே மாதிரிதான் விரியும். ஈரம் இல்லாத வாயு என்பதுதான் லாபம், கம்ப்ரஸரில் தண்ணீர் வடிக்காத கடைக் காற்றைவிட அது மேல்.

ஒரே ட்ராக் டேயில் முன் டயரின் வெளித்தோள் மட்டும் கரைந்துவிட்டது. மட்டமான டயரா? (கொளத்தூர்)

பெரும்பாலும் கேம்பர்தான் காரணம், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். மேற்பகுதி உள்பக்கம் சாய்ந்தால் நெகட்டிவ். ரோட்டுக்காக அமைத்த காரில் நெகட்டிவ் கேம்பர் ஒரு டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். வளைவில் கார் சாயும்போது பாரம் முழுக்க வெளித்தோளில் இறங்கும். உங்கள் காரில் மாற்ற வசதி இருந்தால் முன்பக்கம் இரண்டரை டிகிரி நெகட்டிவ் வரை போய்ப் பாருங்கள். கேம்பர் மாற்றினால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறும், இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். வளைவுக்குள் வேகமாக நுழைந்து, கார் திரும்பாதபோது ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடிப்பதாலும் இப்படிக் கரையும். டயரின் படத்தோடு அலைன்மென்ட் சீட்டையும் அனுப்புங்கள், இரண்டில் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.