கொழும்பில் மதச்சார்பற்ற அமைதியிடங்களை உருவாக்க முடியுமா?

எந்த மதத்துக்கும் உரியதல்லாத, அமைதியாக அமரவும் அயலவரோடு பேசவும் ஏற்ற பொது இடங்களைக் கொழும்பில் எப்படி உருவாக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஒருமுறை முயன்று கெடுத்துக்கொண்ட கதையிலிருந்து தொடங்குகிறேன்.

என் தந்தையார் காலமானபோது, செத்தவீடு முடிந்து உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பின், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்து அழக்கூட எனக்கு இடமிருக்கவில்லை. 31ஆம் நாள் வரை துடக்கு என்பதால் கோயிலுக்கும் போக முடியவில்லை. அந்த ஆண்டுதான், கீழ்த்தளத்தில் சும்மா கிடந்த அறையை எல்லோருக்குமான அமைதி அறையாக்கும்படி குடியிருப்பாளர் கூட்டத்தில் கேட்டேன். வெள்ளையடித்து நான்கு கதிரைகள் போட்டோம். இரண்டாவது வாரம் யாரோ சரஸ்வதி படம் போட்ட கடைக் கலண்டர் ஒன்றை மாட்டினார்; கலண்டர்தானே என்று விட்டுவிட்டோம். பிறகு மூன்றாம் மாடியிலிருந்து திருக்குடும்பப் படம் வந்தது, அதன் பின் கண்ணாடிச் சட்டமிட்ட அரபு வாசகம், கடைசியாகச் சிறிய புத்தர் சிலையும் அதற்கொரு மின்குமிழும். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆயினும் எந்தப் படம் உயரத்தில் இருக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்த மாதமே அறை பூட்டப்பட்டு, வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களும் உடைந்த சைக்கிளும் அதில் குடிபுகுந்தன.

சின்னங்களை விலக்கினால் மட்டும் இடம் பொதுவாகிவிடாது என்பது அப்போதுதான் விளங்கியது. அமர்ந்தவரின் கண் எதிலாவது தங்கவேண்டும். நாம் ஒன்றைக் கொடுக்காவிட்டால் ஆளுக்கொன்றைக் கொண்டுவருவார்கள். நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தின் தியான அறையை (1957) திட்டமிட்ட அப்போதைய செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷோல்ட், அதன் நடுவில் எச்சின்னமும் செதுக்காத, ஆறு தொன்னுக்கு மேற்பட்ட இரும்புத்தாதுப் பாறை ஒன்றை வைத்து, அதன்மேல் ஒளி விழச் செய்தார். பெர்லினில் பிராண்டன்பேர்க் வாயிலில் 1994இல் திறக்கப்பட்ட மௌன அறைக்கும் அதுவே முன்மாதிரி.

இவ்வளவு தூரம் போகத் தேவையுமில்லை. பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய வழிப்போக்கர் மடமான தெருமூடி மடத்தில் தெருவின் இரு பக்கமும் எதிரெதிரே திண்ணைகள் இருக்கின்றன. களைத்தவர் அங்கே தெருவைப் பார்த்தபடி மௌனமாகவும் இருக்கலாம், எதிரே இருப்பவரோடு கதைக்கவும் செய்யலாம். கொழும்பில் இதே வேலையைச் செய்வது காலிமுகத்திடல். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த, அத்திடலின் கடலோர நடைபாதையின் கல்வெட்டு, கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலனுக்காக அதை அவருக்குப் பின் வரும் ஆளுநர்களிடம் ஒப்படைக்கிறது. காலனி ஆட்சியாளரின் கல் என்றாலும் அந்த வரி எனக்குப் பிடிக்கும். அங்கே பார்ப்பதற்குக் கடல் இருக்கிறது; படம் மாட்டச் சுவரில்லை. நண்பகலில் நிழலும் இல்லை என்பதுதான் குறை.

ஆகவே புதிய கட்டடம் கேட்பதைவிட, 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட இந்நகரில் ஏற்கெனவே உள்ள நீர்க்கரைகளிலும் மரத்தடிகளிலும் கட்டணமில்லாத, எதிரெதிரே போட்ட வாங்குகளையும், மாலையில் பெண்கள் அச்சமின்றி இருக்கப் போதிய வெளிச்சத்தையும், அருகிலேயே சுத்தமான கழிப்பறையையும் மாநகர சபையிடம் கேட்பது பயன்தரும். கூரையுள்ள இடமானால் திறப்பு யார் கையில் இருக்கும் என்பதை முதல் நாளே எழுதிவைக்கவேண்டும். எங்கள் அறையில் அதைச் செய்யாதபடியால்தான் பூட்டியவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

சென்ற ஆண்டு அந்த அறையை மறுபடி ஒழுங்குசெய்தோம். மூலையில் நின்ற பழைய அலுமாரியை நகர்த்தியபோது பின்னால் ஒரு யன்னல் இருந்தது. திறந்தால் பக்கத்து வளவின் மாமரம் தெரிந்தது. கதிரைகளை அதன் பக்கம் திருப்பிப் போட்டோம். படங்களும் சிலையும் அவரவர் வீடுகளுக்குத் திரும்பின. கலண்டருக்கு மட்டும் யாரும் உரிமை கோரவில்லை. அது இப்போது காவலாளியின் மேசைக்கு மேலே தொங்குகிறது, திறப்பும் அதே ஆணியில்தான்.