பொது நீச்சல் குளத்தில் பெண்களுக்கு மட்டும் தனி நேரம் எதற்கு? எல்லோரும் சேர்ந்து நீந்தினால் என்ன?

கேள்வி கேட்டவர் ஆம்பளையாத்தான் இருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. காலைல ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, யாரையும் கேக்காம உள்ள போய்க் குதிக்கறவங்களுக்குத்தான் "சேர்ந்து நீந்தினா என்ன"ன்னு தோணும். எனக்குத் தோணினதில்ல. நாப்பத்திரெண்டு வயசுல நீச்சல் கத்துக்கிட்டவ நான். அதுவும் பாதிதான்.

தனி நேரம் வேணுமான்னு கேட்டா, வேணும். அதுல சந்தேகமே இல்ல. அந்த நேரத்துக்குள்ள யாரை விடணும், யாரை விடக்கூடாதுங்கறதுலதான் என் பதில் அவ்வளவு நேரா இருக்காது. பொறுமை இருந்தா படிங்க.

வேலூரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலைன்னு அடுக்குவாங்க. (பொம்பளைங்களைப் பத்தியும் ஒன்னு சேத்துச் சொல்லுவாங்க, அதை நான் எழுத மாட்டேன்.) கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981ல கோயிலுக்குத் திரும்பி வந்துட்டார். பாலாத்துல கூட 2021 நவம்பர்ல கரைபுரண்டு தண்ணி போச்சு. ஆனா மத்த வருஷத்துல இந்தப் பக்கம் ஒரு பொம்பளை தண்ணில இறங்கி நீந்தணும்னா எங்க போவா? கோட்டை அகழியை மேல நின்னு எட்டிப் பாக்கலாம். ஆறு முழுக்க மணல், இப்ப அதுவும் இல்ல. கிணறு அண்ணன் தம்பிங்களுது.

எங்க ஊர் குடியாத்தம் பக்கம். நைனாவுக்கு ரெண்டரை ஏக்கரும் ஒரு கல்கட்டுக் கிணறும் இருந்துச்சு. அண்ணனுக்கு ஏழு வயசானப்ப நைனா காஞ்ச சுரைக்குடுக்கையை அவன் முதுகுல கட்டி, படியில இருந்து தூக்கிப் போட்டார். நாலாவது நாள் குடுக்கை இல்லாம நீந்தினான். அந்தக் குடுக்கையை வீட்டுக்கும் கிணத்துக்கும் தூக்கிக்கிட்டு நடந்தது நான். பசங்க குதிப்பானுங்க, நான் அவனுங்க சொக்காயை மோட்டார் ரூம் சுவத்து மேல போட்டுட்டு, கூழுப் பானைல காக்கா வாய் வைக்காம பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாள் யாரும் இல்லாதப்ப மூணாவது படி வரைக்கும் இறங்கிட்டேன். பாவாடை உப்பி மேல வந்துச்சு. அதை ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு நிக்கறேன், மேலேர்ந்து ஆயா குரல். "பொட்டப் புள்ளைக்கு இன்னாடி நீச்சலு? ஏறி வாடி!" ஏறி வந்தேன். முதுகுல நாலு அடியும் வாங்கினேன்.

1997ல எங்க பெரியம்மா பொண்ணு ஏரில துணி துவைக்கப் போச்சு. செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் தண்ணிக்குள்ள இருந்தது யாருக்கும் தெரியல. இடுப்பு வரைக்கும் தண்ணி, அடுத்த அடி வச்சா ஆள் இல்ல. கரைல நாலு பொம்பளைங்க இருந்தாங்க. நாலு பேருக்கும் நீச்சல் தெரியாது. இதைப் பத்தி இவ்வளவுதான் எழுத முடியும்.

"நீச்சல் தெரிஞ்சவங்களும்தான் மூழ்கிப் போறாங்க"ன்னு ஒருத்தர் வருவார். தெரியும் சார். நான் கணக்கு டீச்சர், ஒரு சம்பவத்தை வச்சு சூத்திரம் எழுதக்கூடாதுன்னு எனக்கும் தெரியும்.

இன்னொருத்தர் வந்து, ஆம்பளை பொம்பளை தனித்தனியா தண்ணில இறங்கறதெல்லாம் நம்ம வழக்கத்துல இல்ல, யாரோ கொண்டாந்து புகுத்தினதுன்னுவார். அவரைக் கார்த்திகை கடைசி ஞாயித்துக்கிழமைக்கு விரிஞ்சிபுரம் அனுப்பி வைக்கறேன். கடை ஞாயிறுன்னு சொல்லுவோம். மார்க்கபந்தீஸ்வரர் கோயில்ல சிம்மக் குளத்தை நடுராத்திரி திறந்து விடுவாங்க. பிள்ளை வரம் கேட்டு வர்ற பொம்பளைங்க அதுல முங்கி, ஈரப்புடவையோட கோயில்லயே படுப்பாங்க. 2006ல நானும் போனேன். இடிச்சுத் தள்ளிக்கிட்டு இறங்கறப்ப படி வழுக்குது, முன்னப் பின்ன தெரியாத ஒரு அம்மா என் முந்தானையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டே இறங்கினாங்க. என் தலை முழுசா தண்ணிக்குள்ள போன முதல் தடவை அதுதான். இருபத்தி நாலு வயசுல. பிள்ளை பொறந்துச்சு, அது வேற கதை. சுத்தி இருந்தவங்க எல்லாரும் பொம்பளைங்கங்கறதால ஈரத்துணி ஒட்டுதேன்னு ஒருத்தியும் கூசல. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இப்ப நீச்சல் குளத்துக்கு வர்றேன். எந்தக் குளம்னு சொல்லப் போறதில்ல, இனிமேலும் அங்க போகணும் நான். மே மாசம் பள்ளிக்கூடம் லீவு, கத்திரி வெயில், பையனைச் சேக்கப் போன இடத்துல "லேடீஸ் பேட்ச் இருக்கு மேடம்"னு சொன்னாங்க. டைமிங் காலைல பதினொன்னுலேர்ந்து பன்னெண்டு. ஏன் அந்த நேரம்னு கேட்டதுக்கு, "அப்பத்தான் குளம் ஃப்ரீயா இருக்கும்"னு பதில். ஃப்ரீயாத்தான் இருக்கும். வேலூர் வெயில்ல மே மாசம் பதினோரு மணிக்கு ஆம்பளை எவனும் இறங்க மாட்டான். தண்ணி மேல ஒரு அடிக்கு வெந்நீர் மாதிரி இருக்கும், வெறுங்காலோட தளத்துல நடந்தா குதிச்சுக் குதிச்சுத்தான் போகணும். வேலைக்குப் போற பொம்பளை யாரும் அந்த நேரத்துக்கு வரவே முடியாது. எனக்கே ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததோட முடிஞ்சு போச்சு.

காட்டன் துணி கூடாது, நூல் பிரிஞ்சு ஃபில்டரை அடைக்கும்னாங்க. சரி, அதுல நியாயம் இருக்கு. முழங்கால் வரைக்கும் வர்ற நைலான் உடை ஒன்னு வாங்கினேன். தொப்பி போட்டா தலைமுடி ஒவ்வொன்னா பிடுங்கற மாதிரி இருக்கும். மொத ஒரு வாரம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு மூச்சை விடறது மட்டும்தான். மொத்தம் பதினாலு பேர் நாங்க. ஐம்பத்தெட்டு வயசு அம்மா ஒருத்தங்க டாக்டர் சொல்லி மூட்டு வலிக்காக வந்தாங்க.

"ஜெனரல் பேட்ச்ல பொம்பளைங்களும் வரலாமே, யாரு தடுத்தா?" தடுக்கல. ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பாத்தேன். முப்பது ஆம்பளைங்க, என்னைச் சேத்து ரெண்டு பொம்பளைங்க. குறுக்க நீந்தி வந்து ரெண்டு தடவை மேல மோதினவன் ரெண்டு தடவையும் "சாரி ஆன்ட்டி"ன்னான். வேலிக்கு வெளிய பசங்க கைல போன். படம் எடுத்தானுங்களா இல்லையான்னு தெரியாது, ஆனா அடுத்த நாள் நான் போகல. பொது நேரம்னு போர்டுல எழுதியிருக்கும். அது ஆம்பளைங்க நேரம்தான்.

எல்லா ஆம்பளையும் அப்படின்னு சொல்லல. எங்க கோச்சும் ஆம்பளைதான், தங்கமான மனுஷன்.

சேர்ந்துதான் நீந்தணும்னு சொல்றவங்க சுவிட்சர்லாந்து வழக்கைக் காட்டுவாங்க. பாசல் நகரத்துல ஒரு முஸ்லிம் தம்பதி, பள்ளிக்கூட நீச்சல் வகுப்புல பசங்களோட சேத்து எங்க பொண்ணுங்களை அனுப்ப மாட்டோம்னாங்க, 1,400 பிராங்க் அபராதம் விழுந்துச்சு. 2017ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அரசாங்கம் பண்ணது சரிதான்னு சொல்லிடுச்சு. ஆனா அங்க உடம்பு முழுக்க மூடற பர்கினி போட்டுக்கலாம்னாங்க, உடை மாத்தத் தனி இடம் குடுத்தாங்க, எல்லாத்துக்கும் மேல பள்ளிக்கூடத்துலயே நீச்சல் சொல்லித் தர்றாங்க. அதை மொதல்ல நம்ம ஊர்ல கொண்டாங்க, அப்புறம் சேர்ந்து நீந்தறதைப் பத்திப் பேசலாம். லண்டன்ல ஹாம்ஸ்டெட் ஹீத்ங்கற இடத்துல மூணு குளம் இருக்கு. ஆம்பளைங்களுக்கு ஒன்னு, பொம்பளைங்களுக்கு ஒன்னு, ரெண்டு பேருக்கும் சேத்து ஒன்னு. பெண்கள் குளத்துல திருநங்கைகளை விடலாமா கூடாதாங்கறதுதான் அங்க சண்டை. 2025 ஏப்ரல்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்துல பெண்ணுன்னா பிறப்பால் பெண்ணுன்னு தீர்ப்பு சொன்னதுக்கப்புறம் சண்டை இன்னும் பெருசாச்சு. மூணு குளம் வச்சிருக்கறவங்களுக்கே தீர்வு கிடைக்கல. நமக்கு ஒரு குளம், ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள நடந்ததைத்தான் இனிமே சொல்லணும். சொல்லாம விட்டா இந்தப் பதிலே பொய்யாயிடும்.

மூணாவது வாரம் ஒரு திருநங்கை எங்க பேட்ச்ல சேந்தாங்க. இருபத்தஞ்சு வயசு இருக்கும். மொத நாள் ஒருத்தரும் பேசல. அவங்களும் யார்கிட்டயும் பேசாம ஆழமான பக்கம் போய்க் குதிச்சாங்க. சத்தமே இல்லாம கத்தி மாதிரி இறங்கி, இந்த முனைல முங்கி அந்த முனைல எழுந்தாங்க. 25 மீட்டர். நாங்க பதினாலு பேரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாயைப் பொளந்து பாத்தோம். எங்க கத்துக்கிட்டீங்கன்னு நான்தான் கேட்டேன். "எங்க தாத்தா கிணத்துலக்கா. சுரைக்குடுக்கை கட்டி விட்டாரு." சொல்லிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு அந்த நிமிஷம் வந்தது பொறாமை. ஆம்பளைப் புள்ளைன்னு நினைச்சு அவங்களுக்குக் குடுத்ததை, பொட்டப் புள்ளைன்னு எனக்குக் குடுக்கல. குடுத்தவங்க அவங்க விஷயத்துல தப்பா நினைச்சுட்டாங்க, ஆனா நீச்சல் மட்டும் அவங்க உடம்புலயே தங்கிடுச்சு.

மல்லாக்க மிதக்க எனக்குச் சொல்லிக் குடுத்தது அவங்கதான். நான் கழுத்தைத் தூக்கித் தூக்கி மூழ்கிக்கிட்டு இருந்தேன். "காதை நனைய விடுங்கக்கா. காது தண்ணிக்குள்ள போனாத்தான் இடுப்பு மேல வரும். வானத்தைப் பாருங்க"ன்னு, முதுகுக்குக் கீழ ரெண்டு விரலை மட்டும் வச்சிருந்தாங்க. அந்த விரலை எப்ப எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது.

நாலாவது நாள் ஒரு வெள்ளைப் பேப்பர் சுத்தி வந்துச்சு. அவங்களை ஜெனரல் பேட்சுக்கு மாத்தணும்னு. முஸ்லிம்கள்தான் எதிர்த்தாங்கன்னு யாரும் கதை கட்டாதீங்க. எழுதினது எங்க தெரு அம்மா, நெத்தி நிறைய குங்குமம் வச்சவங்க. பேரணாம்பட்டுலேர்ந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு முஸ்லிம் அக்கா இருந்தாங்க. அவங்க என்கிட்டத் தனியா சொன்னது இதுதான்: "டீச்சர், அந்தப் புள்ளை மேல எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா எங்க வீட்ல தெரிஞ்சுதுன்னா நாளைலேர்ந்து நான் வர முடியாது." அவங்களுக்கு வாரம் முழுக்க வீட்டை விட்டு வெளிய வர்ற ஒரே நேரம் அது. நான் என்ன பதில் சொல்றது? இன்னிக்கும் என்கிட்டப் பதில் இல்ல.

பேப்பர்ல பதினோரு கையெழுத்து இருந்துச்சு. பன்னெண்டாவது நான் போட்டேன்.

எனக்கு நீட்டின இடத்துல கையெழுத்து போட்டுப் பழக்கம். நைனா போனதுக்கப்புறம் 2011ல அண்ணன் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் விடுதலைப் பத்திரம்னு, சொத்துல என் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கறது ஒன்னு, நீட்டினான். ஒரு பட்டுப்புடவை, ரெண்டு சவரன் சங்கிலி. பூர்வீகச் சொத்துல, அதுக்கப்புறம் கல்யாணம் ஆகற பொண்ணுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்தாச்சு, எனக்குக் கல்யாணம் ஆனது 2003ல. வகுப்புல பின்னம் நடத்தறவ நான், ரெண்டுல ஒரு பங்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? "அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன கணக்கு"ன்னு எல்லாரும் சொன்னாங்க, போட்டேன். இப்ப அந்த நிலம் மனையாயிடுச்சு. கிணத்துல கட்டட இடிசலைக் கொட்டி மூடி, மேல சர்வே கல் நட்டிருக்காங்க. இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லுவீங்க. இருக்கட்டும்.

அந்தத் திருநங்கை ஒரு நாள் சாயங்காலம் ஜெனரல் பேட்சுக்குப் போனாங்கன்னு கோச் சொன்னார். அங்க இருந்தவங்க கைதட்டிக் கேலி பண்ணாங்களாம். தலையைத் துவட்டாமயே கிளம்பிட்டாங்களாம். அப்புறம் வரல.

சட்டம் அவங்க பக்கம்தான் பேசிச்சு. தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கற உரிமை உண்டுன்னு நம்ம உச்ச நீதிமன்றம் 2014ல தீர்ப்பு குடுத்துச்சு. பொது வசதிகள்ல அவங்களை ஒதுக்கக் கூடாதுன்னு 2019ல சட்டம் வந்துச்சு. நாட்டுலயே முதல்ல திருநங்கைகளுக்கு நலவாரியம் வச்சது நம்ம மாநிலம், 2008ல. இதெல்லாம் கையெழுத்து போட்டதுக்கு அப்புறம் தேடிப் படிச்சது.

"அப்ப தனி நேரமே வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே"ன்னு மடக்குவீங்க. மாட்டேன். அந்தப் பதினோரு மணி இல்லன்னா நானும் அந்த மூட்டு வலி அம்மாவும் பேரணாம்பட்டு அக்காவும் தண்ணியே பாத்திருக்க மாட்டோம். ஒரு மணி நேரம் மட்டும் குடுத்ததாலதான் அதுக்குள்ள நாங்க ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கிட்டோம். நாலு மணி நேரம் குடுத்திருந்தா ஒரு வேளை யாரும் பேப்பர் எழுதியிருக்க மாட்டோம். இது என்னை நானே சமாதானப்படுத்திக்கறதுன்னு தோணினா, அதுவும் இருக்கலாம்.

இந்த வருஷம் காலைல ஆறிலேர்ந்து ஏழு, வாரத்துல மூணு நாள் பெண்களுக்கு வேணும்னு மனு எழுதியிருக்கோம், அதுல "திருநங்கைகள் உட்பட"ன்னு ஒரு வரி சேத்தேன். எங்க தெரு அம்மா அந்த வரியைப் படிச்சுட்டு ஒன்னும் சொல்லாம பேனாவை மூடிட்டுப் போயிட்டாங்க. பேரணாம்பட்டு அக்கா ரெண்டு நாள் வச்சிருந்துட்டுக் கையெழுத்து போட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. இது வரைக்கும் ஒன்பது பேர். பத்தாவதா அந்தப் பொண்ணுகிட்டயே வாங்கலாம்னு பாத்தா, எங்க பேட்ச்ல ஒருத்தர்கிட்டயும் அவங்க நம்பர் இல்ல.