வட்டமிடுவது எந்தப் பறவை? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தினமும் விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் வானத்தைப் பார்க்கிறேன். காகங்களைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை. வேட்டைப் பறவைகளைப் பார்க்க ஊருக்கு வெளியேதான் போக வேண்டுமா?

பதில்: போக வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். பருந்து போன்ற பெரிய பறவைகள் இறக்கையை அடித்து உயரே ஏறுவதில் வலிமையை வீணாக்குவதில்லை. வெயிலில் தரை சூடாகி வெப்பக் காற்று மேலெழத் தொடங்கிய பிறகே, அதாவது காலை ஒன்பது மணிக்கு மேல், அக்காற்றைப் பற்றிக்கொண்டு வட்டமிட்டபடி ஏறுகின்றன. விடியற்காலையில் வேட்டைக்குக் கிளம்பும் வல்லூறு என்னும் சிறிய வேட்டைப் பறவையோ மரக்கிளைகளுக்கிடையே பதுங்கியிருப்பதால் திறந்த வானில் அதைத் தேடிப் பயனில்லை.

அந்த நேரத்தில் கண்ணைவிடக் காதையே நம்புங்கள். அணில் ஒரே இடத்தில் நின்று வாலை உதறிக்கொண்டு விடாமல் கத்தினாலோ, தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு மரத்தைப் பார்த்துக் கூச்சலிட்டாலோ, புறாக்கள் ஒரே நொடியில் எழுந்து சிதறினாலோ, அவற்றின் கவனம் திரும்பியிருக்கும் திசையில் பெரும்பாலும் நீங்கள் தேடுகிற பறவை இருக்கும். சில வேளைகளில் அது வெறும் பூனையாகவும் இருக்கலாம். கரிச்சான் மட்டும் நம்மை ஏமாற்றும்: வல்லூறின் குரலை அப்படியே எழுப்புவதில் அது கைதேர்ந்தது.

கேள்வி: உயரத்தில் பறப்பதெல்லாம் எனக்குப் பருந்தாகவே தெரிகிறது. நிறத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாதா?

பதில்: வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கும்போது எல்லாப் பறவையும் கறுப்புதான். ஆகவே உருவத்தையும் பறக்கும் விதத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். கரும்பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கி, மீன்வாலைப் போல் பிளவுபட்டிருக்கும். திரும்பும்போது அந்த வாலைத் துடுப்பைப்போல் இப்படியும் அப்படியும் முறுக்கும். ஆனால் வாலை முழுவதும் விரித்துவிட்டால் பிளவு மறைந்துபோகும் என்பதால், ஒரே பார்வையில் முடிவுகட்டாமல் அது வாலை மடக்கும்வரை காத்திருக்க வேண்டும். செம்பருந்தின் வால் நுனி வளைவாக இருக்கும். வளர்ந்த செம்பருந்தை வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் காட்டிக்கொடுத்துவிடும். இளம்பறவை பழுப்பாக இருப்பதால் கரும்பருந்தென்று எண்ணிவிடுகிறோம். வாலைப் பார்ப்பதன் அருமை அப்போதுதான் புரியும்.

வல்லூறுக்குக் குட்டையான, நுனி மழுங்கிய இறக்கைகளும் நீண்ட வாலும் உண்டு. படபடவென்று சில முறை இறக்கையடித்துப் பின் சற்றுத் தூரம் மிதந்து செல்லும். பைரி என்னும் வேட்டைப் பறவையின் இறக்கைகள் கூர்மையானவை. செங்குத்தாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை அது எட்டுகிறது. வயல்வெளியின் மீது ஒரே இடத்தில் இறக்கையடித்து அந்தரத்தில் நின்றபடி தரையை உற்றுப் பார்க்கும் சிறிய வெண்சாம்பல் பறவையைக் கண்டால், அது கருந்தோள் பருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வல்லூறு என்று ஒரு வாரம் முழுதும் நான் குறிப்பேட்டில் எழுதி வைத்த பறவை, கடைசியில் அக்காக்குயிலாக இருந்தது. சாம்பல் முதுகு, வாலில் பட்டைகள், பறக்கும் தோரணை எல்லாம் அச்சு அசல் வல்லூறுதான். அலகைப் பார்த்த பிறகே தெளிந்தேன்: வல்லூறின் அலகு கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும், குயிலின் அலகில் அந்தக் கொக்கி இல்லை. வல்லூறின் நீண்ட மஞ்சள் கால்களும் கூரிய நகங்களும் குயிலுக்குக் கிடையாது.

கேள்வி: எந்த பைனாகுலர் வாங்கலாம்?

பதில்: 8×42 என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கை நடுக்கமும் அதிகம் தெரியாது. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்.

கேள்வி: மாடிச் சுவரோரம் புறா இறகுகள் குவியலாகக் கிடந்தன. பூனையின் வேலையா? அருகில் சாம்பல் நிறத்தில் உருண்டை ஒன்றும் கிடந்தது.

பதில்: ஓர் இறகை எடுத்து அதன் தண்டின் அடிமுனையைப் பாருங்கள். முனை முழுமையாக இருந்தால் வேட்டைப் பறவை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. கடித்துத் துண்டித்ததுபோல் இருந்தால் பூனை. உருண்டை வேறு கதை. கூகை போன்ற ஆந்தைகள் எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் பந்தாகத் திரட்டிக் கக்கிவிடும். கையுறை அணிந்து, அதை வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால், கட்டைவிரல் நுனியளவுள்ள எலி மண்டையோடும் அதில் ஆரஞ்சு நிற முன்பற்களும் கிடைக்கும். ஆந்தை அங்கே தங்குகிறதென்றால் வீட்டில் எலிமருந்து வைப்பதை நிறுத்திவிடுங்கள். மருந்துண்ட எலியைத் தின்னும் ஆந்தையையும் அந்த நஞ்சு கொல்லும்.

கேள்வி: எதிர்மரத்தில் கூடு கட்டியிருக்கும் பருந்து, போகிற வருகிறவர்களின் தலையில் தட்டுகிறது. கூட்டைக் கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்காதீர்கள். குஞ்சு பொரித்து ஒன்றரை முதல் இரண்டு மாதங்களுக்குள் குஞ்சு பறந்துவிடும், தாக்குதலும் தானாக நின்றுவிடும். பருந்து பெரும்பாலும் பின்பக்கமிருந்தே பாயும் என்பதால், அதுவரை அந்த இடத்தைக் குடை பிடித்துக் கடந்து செல்லுங்கள்; மாடியில் துணி உலர்த்தப் போகிறவர்கள் கூட்டுக்கு முதுகைக் காட்டாமல் நில்லுங்கள்.