பழைய ஸ்கிரிப்டை உடைக்கிற மாதிரி கமாண்ட் லைன் டூல்களை ஏன் மாற்றுகிறார்கள்? இது நியாயமா?

சில சமயம் நியாயம்தான். மாற்றினார்களா என்பதைவிட எப்படி உடைகிறது என்றுதான் நான் பார்ப்பேன். எரர் போட்டு நின்றுபோகும் ஸ்கிரிப்டை அன்றைக்கே சரிசெய்துவிடலாம். தப்பான வேலையைச் செய்துவிட்டு எக்ஸிட் கோட் 0 (‘எல்லாம் சரி’ என்று அர்த்தம்) கொடுக்கிற ஸ்கிரிப்ட்தான் ஆளைக் கவிழ்க்கும்.

2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10 என்ற லினக்ஸ் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை எஸ்எச் (ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லின் பொதுப்பெயர்) என்று கூப்பிட்டால் பேஷ் என்ற ஷெல் ஓடும். அந்தப் பதிப்பிலிருந்து டேஷ் என்ற வேறொரு ஷெல். டேஷ் சின்னது, சட்டென்று கிளம்பும். பூட் ஆகும்போது வரிசையாக ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு லாபம். ஆனால் முதல் வரியில் எஸ்எச் போட்டுவிட்டு உள்ளே பேஷ் பாணியில் எழுதியவர்கள் ஏராளம். (விதிப்படி தப்பு அவர்கள் பக்கம்தான், ஆனால் ஓடிக்கொண்டிருந்ததே!) ‘சோர்ஸ்’ என்று எழுதியிருந்தால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று டேஷ் சொல்லிவிடும். பிரச்சினை இல்லை. ‘எக்கோ -இ’ (எக்கோ என்பது எழுத்தை அச்சிடும் கமாண்ட், -இ அதற்கு ஒரு ஆப்ஷன்) போட்டு கான்ஃபிக் ஃபைல் எழுதியிருந்தால்தான் வினை. டேஷின் எக்கோவுக்கு அந்த ஆப்ஷன் தெரியாது. அதையும் எழுத வேண்டிய சொல்லாக நினைத்து, ஃபைலின் தொடக்கத்திலேயே ‘-இ’ என்று எழுதி வைக்கும். எரர் கிடையாது. பிறகு வேறொரு புரோகிராம் அந்த ஃபைலைப் படிக்கும்போது, சம்பந்தமில்லாத இடத்தில் வெடிக்கும்.

கிட் (கோடின் பதிப்புகளைப் பராமரிக்கும் டூல்) செய்தது மரியாதையான வழி. பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) பெயர் சொல்லாமல் புஷ் கொடுத்தால், அதாவது சர்வருக்கு அனுப்பினால், முன்பெல்லாம் நம் கணினியிலும் சர்வரிலும் ஒரே பெயரில் இருக்கிற எல்லா பிராஞ்சும் போகும். 2014இல் வந்த 2.0 முதல், நாம் நிற்கிற பிராஞ்ச் மட்டும். இது மாறப்போகிறது என்று முந்தைய பதிப்புகளே புஷ் செய்யும்போது எச்சரித்தன.

2016இல் கோர்யூட்டில்ஸ் (அடிப்படை கமாண்டுகளின் தொகுப்பு) 8.25 வந்தபோது, இடைவெளி உள்ள ஃபைல் பெயர்களுக்கு, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்ட் மேற்கோள்குறி போடத் தொடங்கியது. பலர் திட்டினார்கள். ஆனால் அது டெர்மினலில் மட்டும். பைப்பில் (இன்னொரு கமாண்டுக்கு) போவது பழையபடியே. எந்த ஸ்கிரிப்டும் உடையவில்லை, கண்தான் உறுத்தியது.

எனக்கு ஒத்துக்கொள்ள முடியாதது 2022இல் வந்த கிரெப் (ஃபைலில் சொற்களைத் தேடும் டூல்) 3.8. கிரெப்பையே வேறு பெயரில் கூப்பிடும் ஈகிரெப், எஃப்கிரெப் இரண்டும் வேலையைச் சரியாகவே செய்கின்றன, கூடவே ‘இது வழக்கொழிந்தது’ என்று ஸ்டாண்டர்ட் எரரில் (எரர் செய்திகள் போகும் தனி வழி) ஒரு வரி. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடினால் அந்த ஒரு வரிக்காகவே மெயில் வரும். சும்மா கிடந்த இரண்டு பெயர்கள், விட்டிருக்கலாம்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: எக்கோ -இ இருக்கும் இடங்களில் பிரிண்ட்எஃப் கமாண்டைப் போடுங்கள். பேஷ் வேண்டுமென்றால் முதல் வரியில் பேஷ் என்றே எழுதுங்கள். அப்கிரேடுக்கு முன், கோர்யூட்டில்ஸ் போன்ற குனு டூல்களோடு வரும் நியூஸ் ஃபைலில் ‘நடத்தையில் மாற்றங்கள்’ என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.